இலக்கண வரம்புக்கு வெளியே வளர்ந்த இலத்தீன்

இலத்தீன் என்றதும் நினைவுக்கு வருவது சிசரோவின் உரைகளும் சீசரின் போர்க் குறிப்புகளும் வெர்ஜிலின் காப்பியமும் எழுதப்பட்ட மொழி. கி.மு. முதல் நூற்றாண்டில் திருத்தம் பெற்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டு வரை கற்றோர் எழுத்தில் நிலைத்த அந்த வடிவமே செவ்வியல் இலத்தீன். பள்ளி இலக்கணங்கள் அதையே அளவுகோலாகக் கொண்டன. எழுத்துச் சான்றுகளோடு ஏறத்தாழ 2500 ஆண்டுக் காலம் நீளும் இலத்தீன் வரலாற்றில் அது ஒரு சிறு பகுதிதான். அதற்கு முன்னும், அதன் பக்கத்திலேயே தெருவிலும், அதற்குப் பின் திருச்சபையிலும் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் நூல்களிலும் வாழ்ந்த இலத்தீன்கள் பல. தமிழகத்துக்குக் கப்பலேறி வந்தது இந்தப் பிந்திய இலத்தீன்களே. செந்தமிழ் இலக்கணங்கள் பொருட்படுத்தாத பேச்சுத் தமிழுக்கு விரிவான இலக்கணம் எழுதப்பட்டதும் அவற்றின் வழியாகத்தான்.

தொன்மையான இலத்தீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம் பிற்காலத்தார் எடுத்தாண்ட துணுக்குகளாகவே கிடைக்கிறது. கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்த பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்கள் பல ஏறத்தாழ முழுமையாகவே உள்ளன. அடிமைகளும் வணிகர்களும் கடன்காரர்களும் பேசும் அந்த நாடகங்களில், பிற்கால இலக்கண ஆசிரியர்கள் ஒதுக்கிய சொல்லாட்சிகள் பல உயிரோடு நிற்கின்றன. அவற்றில் சில, சிசரோ காலத்து எழுத்தில் காணப்படாமல் இருந்து, ஆயிரம் ஆண்டுக்குப் பின் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் தலைகாட்டுகின்றன. எழுத்தில் மறைந்தவை வாய்மொழியில் தொடர்ந்து இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பேச்சு இலத்தீனை யாரும் நூலாக எழுதி வைக்கவில்லை. அதைப் பிழைகளிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் சுவர்க் கிறுக்கல்கள், பிரிட்டனில் ரோமானியப் படைமுகாம் இருந்த விண்டோலாண்டாவில் கிடைத்த மரப்பலகைக் கடிதங்கள், எகிப்தின் கரானிஸ் ஊரில் கிடைத்த, 2ஆம் நூற்றாண்டுப் படைவீரன் கிளாடியஸ் தெரென்சியானஸின் கடிதங்கள் ஆகியவை முதன்மையான சான்றுகள். தெரென்சியானஸ் செருப்பும் உடையும் கேட்டு வீட்டுக்கு எழுதுகிறான். சொல்லின் ஈற்றில் வரவேண்டிய மகர மெய்யை அடிக்கடி விட்டுவிடுகிறான். அந்த ஒலி வாயில் இல்லாதபோது கையில் மட்டும் எப்படி வரும்?

சான்றுகளில் சுவையானது ‘புரோபஸின் பின்னிணைப்பு’ எனப்படும் பட்டியல். இப்படி எழுதுக, அப்படி எழுதாதே என்று 227 சொற்களைத் திருத்துகிறார் பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர். ‘கலிதா’ என்க, ‘கல்தா’ எனாதே. ‘ஸ்பெகுலும்’ என்க, ‘ஸ்பெக்லும்’ எனாதே. ‘அவுரிஸ்’ என்க, ‘ஓரிக்லா’ எனாதே என்று போகிறது அது. சூடானது என்று பொருள்படும் ‘கல்தா’ இன்றைய இத்தாலியத்தில் மாற்றமில்லாமல் வழங்குகிறது. காதைக் குறிக்கும் ‘ஓரிக்லா’வே பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் சொல் தந்தது. ஆசிரியர் விலக்கியவை வென்றன. அவர் அன்று அக்கறையோடு திருத்தியிராவிட்டால் அந்த மாற்றங்களின் தடயமே இன்று இவ்வளவு தெளிவாகக் கிடைத்திராது.

பேச்சில் நேர்ந்த மாற்றங்களில் ஆழமானது குறில்–நெடில் வேறுபாடு அழிந்தது. செவ்வியல் இலத்தீனில் ஐந்து உயிர்களுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. தமிழைப் போலவே மாத்திரை மாறினால் பொருள் மாறும். ‘ஒஸ்’ எனக் குறுக்கினால் எலும்பு, ‘ஓஸ்’ என நீட்டினால் வாய். இலத்தீன் எழுத்து இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. காதே அதைக் காக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகுஸ்தீன், கி.பி. 426இல் முடித்த ‘கிறித்தவப் போதனை பற்றி’ என்ற நூலில், ஆப்பிரிக்கச் செவிகள் உயிரின் நீளத்தையும் குறுக்கத்தையும் பிரித்தறிவதில்லை என்று எழுதுகிறார். எலும்பைச் சொல்லும்போது, கற்றோர் இகழும் ‘ஒஸ்ஸும்’ என்ற பாமர வடிவத்தையே ஆளலாம் என்கிறார். மக்களுக்குப் புரியாத தூய்மையால் போதகனுக்கு என்ன பயன் என்பதே அவர் கேள்வி. இளமையில் சொல்லணி ஆசிரியராக இருந்து, செவ்வியல் நடையில் ஊறிய ஒருவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பதில்தான் அதன் எடை இருக்கிறது.

மாத்திரை போனதும் மற்றவையும் தளர்ந்தன. வேற்றுமை உருபுகள் ஒன்றோடொன்று மயங்க, அவற்றின் வேலையை முன்னிடைச் சொற்கள் ஏற்றன. எதிர்கால வினைமுற்றின் பழைய ஈறுகள் வழக்கொழிந்தன. செயவென் எச்சம் போன்ற வடிவத்தோடு ‘உடையேன்’ என்னும் பொருளுள்ள வினையைச் சேர்த்துப் புதிய எதிர்காலம் பிறந்தது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றின் எதிர்கால வடிவங்கள் இந்தச் சேர்க்கையிலிருந்து வந்தவை. எழுதுவது ஒன்றும் பேசுவது வேறொன்றுமாக நிற்கும் இரட்டை வழக்கு தமிழர்க்குப் புதிதன்று. இலத்தீனில் அந்த இடைவெளி அகன்று அகன்று, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே மொழி என்ற உணர்வே அற்றுப்போனது. கி.பி. 813இல் தூர் நகரச் சங்கம், மறையுரைகளை மக்கள் பேசும் நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ ஜெர்மானியத்திலோ பெயர்த்துச் சொல்லும்படி ஆயர்களைப் பணித்தது. 842இல் சார்லமேனின் பேரர் இருவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒருவருக்கொருவர் செய்த உறுதிமொழி, பழம் பிரெஞ்சின் முதல் ஆவணமாக எஞ்சியிருக்கிறது.

பேச்சு இலத்தீனின் பிள்ளைகளில் திண்டுக்கல் வாசகர்க்கு நெருக்கமாகத் தோன்றக்கூடியது ருமேனியம். ரோமானியப் பேரரசர் திராயன் கி.பி. 106இல், இன்றைய ருமேனியப் பகுதியான டாசியாவை வென்றார். 270களில் ரோமானியப் படை அங்கிருந்து விலகியது. பின்னர் ஸ்லாவிய மொழிகளுக்கு நடுவே, மற்ற உறவு மொழிகளிடமிருந்து பிரிந்து நின்ற அந்தப் பேச்சு, அயலாரிடமிருந்து ஏராளமான சொற்களை ஏற்றது. வினையமைப்பும் அடிப்படைச் சொற்களும் இலத்தீனாகவே நின்றன. திண்டுக்கல் நாகல் நகரின் நெசவாளர் தெருக்களில் வழங்கும் சௌராட்டிர மொழியின் நிலை இதற்கு மிக நெருக்கமானது. மேற்கு இந்தியாவில் பிறந்த அந்த இந்தோ–ஆரியப் பேச்சு பட்டுநூல்காரர்களோடு தெற்கே நடந்து வந்தது. வழியில் கன்னடமும் தெலுங்கும், வந்த இடத்தில் தமிழும் அதில் கலந்தன. மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், திண்டுக்கல் என்று நெசவுத் தொழில் நிலைத்த ஊர்களில் திராவிட மொழிகள் சூழ அது வாழ்கிறது. இன்று அதைப் பேசுவோர் ஏறத்தாழ 2.5 இலட்சம் பேர்.

சௌராட்டிரர் வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படும் மந்தசோர் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு 436இல் கட்டி, 473இல் புதுப்பித்த சூரியன் கோயிலைப் பற்றியது. அதை வத்சபட்டி என்ற புலவர் காவிய நடைச் சமற்கிருதத்தில் பாடினார். நெய்தவர்கள் வீட்டில் பேசிய பிராகிருதத்தின் ஒரு சொல்லும் கல்லில் ஏறவில்லை. ரோமானியப் பேரரசில் நடந்ததும் இதுவே: கல்லில் ஏறியது ஏட்டுமொழி, பிள்ளைகளுக்குச் சென்றது வாய்மொழி. சௌராட்டிரத்துக்குத் தனி எழுத்தை மீட்டு அச்சுக்குக் கொண்டுவர தி.மு. ராமராய் (1852–1913) உழைத்தார். ஆயினும் பலரும் அதைத் தமிழ் எழுத்திலேயே, வர்க்க எழுத்துகளுக்கு மேலே எண்களையிட்டு எழுதுகின்றனர்.

பேச்சு இலத்தீன் பல மொழிகளாகப் பிரிந்துகொண்டிருந்தபோது, எழுத்து இலத்தீன் திருச்சபைக்குள் வேறு பாதையில் சென்றது. 382இல் திருத்தந்தை தமாசுஸ் கேட்டுக்கொண்டபடி ஜெரோம் விவிலியத்தைத் திருத்தி மொழிபெயர்க்கத் தொடங்கினார். ‘வுல்காத்தா’ எனப்படும் அந்த மொழிபெயர்ப்பு எளிய மக்களுக்குரிய தொடரமைப்பைக் கொண்டது. எபிரேய, கிரேக்கத் தொடர்களின் சாயலும் அதில் படிந்திருக்கிறது. திருச்சபை, திருமுழுக்கு, வானதூதர் ஆகியவற்றுக்குக் கிரேக்கச் சொற்களே இலத்தீன் ஈறு பெற்று வந்தன. இடைக்கால எழுத்தாளர் செவ்வியல் இலத்தீனின் சிக்கலான செயப்படுபொருள்–எச்சத் தொடரைக் கைவிட்டு, ‘என்று’ என இணைக்கும் எளிய தொடரைப் பெருக்கினர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) எழுதிய மெய்யியல் இலத்தீனில் அணியழகு குறைவு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற கட்டுப்பாடு மிகுதி. சிசரோவின் கண்ணில் இது வறண்ட நடையாகப் பட்டிருக்கும். ஆனால் நுண்ணிய வேறுபாடுகளைத் தயக்கமின்றிச் சொல்ல அந்த வறட்சியே உதவியது.

யாப்பிலும் மாற்றம் வந்தது. செவ்வியல் பாக்கள் தமிழ் யாப்பைப் போலக் குறில்–நெடில் அடிப்படையில் அமைந்தவை. மாத்திரை உணர்வு போனபின், அசையழுத்தமும் இயைபுத் தொடையும் பாவின் தூண்களாயின. அக்குவினாஸ் நற்கருணை விழாவுக்காக இயற்றிய பாடலின் இறுதிப் பகுதியான ‘தாந்தும் எர்கோ’ இந்தப் புதிய யாப்புக்கு எடுத்துக்காட்டு. தமிழகத்துப் பங்குகளில் நற்கருணை ஆசீரின்போது தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்ட இலத்தீன் அது.

மறுமலர்ச்சிக் காலத்தில் எதிர்த்திசையில் ஓர் இயக்கம் எழுந்தது. சிசரோ ஆளாத சொல்லை ஆளவே கூடாது என்றனர் சில இத்தாலிய அறிஞர். எராஸ்மஸ் 1528இல் எழுதிய ‘சிசரோனியன்’ என்ற உரையாடல் அவர்களைக் கடுமையாகச் சாடியது: காலம் மாறியிருக்க, புதிய செய்திகளைப் பழைய சொற்களுக்குள் மட்டும் எப்படி அடக்குவது? எராஸ்மஸின் பக்கமே நியாயம் இருந்தது என்பதைப் பின்வந்த இரு நூற்றாண்டுகள் காட்டின. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ (1687), கேரளத்துச் செடிகளை 12 தொகுதிகளில் விவரிக்கும் ‘ஹோர்துஸ் மலபாரிக்குஸ்’ (1678–1693) ஆகியவை எழுதப்பட்ட புத்திலத்தீன், இலக்கணத்தில் செவ்வியலை நோக்கியும் சொற்களில் தன் காலத்தை நோக்கியும் நின்றது.

இந்த இலத்தீனை உலகெங்கும் கொண்டு சென்றவர்களில் இயேசு சபையார் முதன்மையானவர்கள். 1599இல் அவர்கள் வெளியிட்ட கல்வித் திட்டம், இலத்தீனை எழுதவும் பேசவும் மாணவர்களைப் பழக்கியது. இத்தாலியரும் போர்த்துகீசியரும் ஜெர்மானியரும் கலந்திருந்த சபைக்கு அது பொதுமொழி. 1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலி, தம் பணிமுறை மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு விடையாக விரிவான இலத்தீன் விளக்கங்களை எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமயச் சடங்குகளா, சமூக அடையாளங்களா என்பதே வழக்கு. சிசரோவின் சொற்களஞ்சியம் எண்ணிப் பார்க்காத பொருள்கள் இவை. திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623 சனவரி 31 அன்று வெளியிட்ட இலத்தீன் ஆணை அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தது. மதுரைத் தெருக்களின் நடைமுறை ஒன்று ரோமாபுரியில் தீர்க்கப்பட்டது இலத்தீனில்தான்.

தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதி முதலில் அச்சேற்றியவர் தரங்கம்பாடியின் லுத்தரன் பணியாளர் சீகன்பால்கு. அவருடைய ‘கிராமாத்திக்கா தமுலிக்கா’ 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. அதைவிட ஆழமானது, பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட இயேசு சபைக் குரு வீரமாமுனிவரின் பணி. காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி, 1728இல் பேச்சுவழக்குத் தமிழுக்கு, அவர் சொல்லால் கொடுந்தமிழுக்கு, இலத்தீனில் இலக்கணம் எழுதி முடித்தார். அது 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. லுத்தரன் கொள்கையை மறுத்துத் தமிழில் நூல்கள் எழுதிய ஒரு கத்தோலிக்கக் குருவின் படைப்பை அதே லுத்தரன் அச்சகம் வெளியிட்டது. மொழிக்கு அந்நூலின் தேவை அத்தகையது.

தொல்காப்பியமும் நன்னூலும் செய்யுளையும் சான்றோர் வழக்கையும் நோக்கியவை. ஊரில் மக்கள் பேசுவதைக் கேட்டுப் பேச விரும்பும் அயல்நாட்டுக் குருவுக்கு அவை போதவில்லை. பெஸ்கி வழங்கிய வடிவங்களை வழங்கியவாறே எடுத்து விளக்கினார். இலத்தீன் இலக்கணத்தின் சட்டகம் இதற்கு உதவவும் செய்தது, இடறவும் செய்தது. இலத்தீனில் பெயர்ச்சொல் ஐந்து வகையாக உருமாறும். தமிழில் ஒரே உருபுத் தொகுதி போதும். இலத்தீனின் ஆறாம் வேற்றுமை ஒன்றே கருவி, இடம், நீங்கல், உடனிகழ்ச்சி அனைத்தையும் சுமக்கும். தமிழில் ஆல், இல், இன், ஓடு என்று தனித்தனி உருபுகள். சட்டகம் பொருந்தாத அந்த இடங்களில்தான் பெஸ்கியின் கூர்மை தெரிகிறது. தேம்பாவணி பாடும் அளவுக்குச் செந்தமிழில் தோய்ந்தவர் பேச்சுத் தமிழை இழிவாக நினைக்காமல் இலக்கணம் கண்டார் என்பது, அகுஸ்தீன் ‘ஒஸ்ஸும்’ என்ற சொல்லுக்குத் தந்த இடத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தமிழ் எழுத்திலும் அவர் கை பட்டது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு, நெடில்களைப் புள்ளியின்றி எழுதுவதே பழைய மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிட, குறிலும் நெடிலும் மயங்கின. நெடிலுக்குத் தனி வடிவம் தந்து, ஏ, ஓ என்றும் இரட்டைச் சுழிக் கொம்பு என்றும் இன்று எழுதும் முறை பொதுவாக அவருக்கே உரித்தாகச் சொல்லப்படுகிறது. குறில்–நெடில் வேறுபாட்டைத் தன் வாழ்நாளிலேயே இழந்த ஒரு மொழியில் எழுதிப் பழகியவருக்கு அந்த இழப்பின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது எனலாம்.

அவரது மற்ற இலத்தீன் பணிகளும் இதே நோக்குடையவை. பரமார்த்த குருவின் கதையைப் புதிதாகத் தமிழ் கற்போருக்குப் பயிற்சி நூலாக இலத்தீன் மொழிபெயர்ப்போடு அமைத்தார். பெஞ்சமின் பாபிங்டன் அதை 1822இல் லண்டனில் ஆங்கிலத்தோடு பதிப்பித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெஸ்கி இலத்தீனில் தந்தார், ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட குறள் பதிப்பில் அம்மொழிபெயர்ப்பின் பகுதிகள் இடம்பெற்றன. செந்தமிழ் பற்றிய ‘கிளாவிஸ்’ என்ற இலத்தீன் நூல் 1876இல்தான் தரங்கம்பாடியில் அச்சானது. இதற்கிடையே, ஜெர்மானிய அறிஞர் கார்ல் கிரவுலின் குறள் பதிப்பு 1865இல் லைப்சிக்கில் வந்தது. மூலம் செந்தமிழில், பொழிப்பு பொதுத்தமிழில், மொழிபெயர்ப்பு இலத்தீனில் என்று அது அமைந்தது. ஐரோப்பியப் புலமைக்கு இலத்தீன் வழியே குறளைக் காட்டிய கடைசிப் பெருமுயற்சி அது. புதுச்சேரியில் 1846இல் அச்சான இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி குருமாணவர்க்குக் கைநூலானது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் இந்த மண்ணில் படிப்பு மொழியாக வேரூன்றியது. 1893இல் இந்திய, இலங்கைக் குருமாணவர்க்காகக் கண்டியில் தொடங்கிய பாப்பிறைக் குருமடம் 1955இல் பூனாவுக்கு இடம் மாறியது. 1895இல் கொடைக்கானல் மலையின் செண்பகனூரில் இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. மெய்யியல் பாடமும் தேர்வும் இலத்தீனில் நடந்த காலம் அது. மதுரை மறைப்பணித் தளத்தின் ஆவணங்களும் செண்பகனூரிலேயே காக்கப்படுகின்றன. திண்டுக்கல் நகரில் அச்சபையின் நவதுறவிகள் பயிலும் இல்லம் பெஸ்கியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோயிலில் ஒலித்த இலத்தீன் இத்தாலிய ஒலிப்பைத் தழுவியது. வானம் என்ற சொல்லைச் சிசரோ ‘கைலும்’ என்று ஒலித்திருப்பார். பலிபீடத்தில் அது ‘சேலும்’. பூசை உதவிச் சிறுவர்கள் பதில்மொழிகளைப் பொருளறியாமல் மனப்பாடம் செய்தனர். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தபோது ka–ga, pa–ba வேறுபாடுகள் இன்றித் தமிழ் ஒலிநெறிப்படியே அவை அமைந்தன. சொல்லிடையில் மெலிந்தும் இரட்டித்தால் வலித்தும் ஒலித்த அந்த இலத்தீனும் மொழியின் உண்மையான வட்டார வடிவங்களுள் ஒன்றே. ஆப்பிரிக்க இலத்தீனுக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1962 பிப்ரவரி 22 அன்று குருமடங்களில் இலத்தீன் கல்வியை வலியுறுத்தி ஆணையிட்டார். மறு ஆண்டே, 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வழி திறந்தது. 1960களின் நடுவிலிருந்து தமிழகத்துப் பீடங்களில் தமிழ்த் திருப்பலி நிலைபெற்றது. 813இல் தூர் நகரத்தில் மறையுரைக்குக் கிடைத்த உரிமை, முழு வழிபாட்டுக்கும் கிடைக்க 1150 ஆண்டுகள் ஆயின.

அதற்குப் பின்னும் இலத்தீன் திருச்சபையின் ஆட்சிமொழியாகத் தொடர்கிறது. சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஏடுகளில் ‘மத்ராஸ்போலித்தானா எத் மெலியாபோரென்சிஸ்’. 2003இல் உருவான திண்டுக்கல் மறைமாவட்டம் ‘திண்டிகுலென்சிஸ்’. தாவரவியலில் அது இன்னும் பரந்த ஆட்சி செய்கிறது. அரசமரத்தின் பெயர் ‘ஃபீக்குஸ் ரெலிகியோசா’: முதற்சொல்லின் ஈறு ஆண்பால் போலத் தோன்றினாலும், மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்ளும் பழைய இலத்தீன் மரபால் அடைமொழி பெண்பால் ஈறு பெற்றது. புதிதாகக் கண்ட செடியை இலத்தீனில் விவரித்தால்தான் பெயர் செல்லும் என்ற விதி 1935 முதல் நடைமுறையில் இருந்தது. 2012 சனவரி 1 முதல் விவரிப்பை ஆங்கிலத்திலும் எழுதலாம் என அது தளர்த்தப்பட்டது. பெயர் மட்டும் இன்றும் இலத்தீன் இலக்கணப்படியே அமைய வேண்டும். அழகர்மலையிலோ சிறுமலையிலோ நாளை கண்டறியப்படும் செடிக்கும் அதுவே விதி.